ஓட முடியாமல் போன பிறகு அந்த ஒரு மணி நேரம்

கேள்வி:

எனக்கு 43 வயது. 11 வருடமாக ஓட்டக்காரியாக இருக்கிறேன். மன்னிக்கவும், இருந்தேன். வாரத்துக்கு நான்கு நாள் ஓடுவேன், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மூன்று முழு மராத்தான் முடித்திருக்கிறேன். ஆறு வருடம் முன்பு படியில் வழுக்கி விழுந்து வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் ஓடினேன். ஐந்து மாதம் முன்பு முட்டி வீங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் குருத்தெலும்பு ஏறக்குறைய முழுவதும் தேய்ந்துவிட்டது என்றார் மருத்துவர். "நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, நீந்துங்க. ஓடுறதை மட்டும் மறந்துடுங்க." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னமும் காலை 4:40-க்கு விழிப்பு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், எப்படியும் முழித்தாகிவிட்டது, வேலையையாவது முடிக்கலாமே என்று. முன்பெல்லாம் அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். இப்போது ஐந்து மணியிலிருந்தே வேலை ஆரம்பித்துவிடுகிறது.

கணவர் நல்லவர்தான். ஆனால் "நடக்கவாவது முடியுதே, அதுக்குச் சந்தோஷப்படு" என்கிறார். மாமியார், "ஓடினா முட்டி போயிடும்னு அப்பவே சொன்னேன்" என்கிறார். "அம்மா, நீ இப்பல்லாம் ரொம்பக் கத்துறே" என்கிறாள் மகள். கூட ஓடியவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவே பிடிக்கவில்லை. யாராவது தெருவில் ஓடுவதைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ பிசைகிறது. போன மாதம் யாருக்கும் சொல்லாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் ஓடினேன். நான்கு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. ஓட்டம் எனக்குச் சோறும் போடவில்லை. இதற்குப் போய் இப்படி அழுவது பைத்தியக்காரத்தனமா? இது எப்போது சரியாகும்? இன்னொரு மருத்துவரிடம் காட்டலாமா? கதவோரம் இருக்கும் ஷூவை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்த "மன்னிக்கவும்". 'இருக்கிறேன்' என்று எழுதிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் 'இருந்தேன்' என்று திருத்தியிருக்கிறீர்கள். என்னிடம் எதற்கு மன்னிப்பு? அடித்துவிட்டு எழுதியிருக்கலாம், அப்படியும் செய்யவில்லை. கை எழுதியதை அழிக்க மனசு வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பைத்தியக்காரத்தனமா என்று கேட்டீர்கள். இல்லை. இது துக்கம். ஆனால் துக்கம் விசாரிக்க யாரும் வராத துக்கம். வீட்டில் ஒரு சாவு என்றால் நாலு பேர் வருவார்கள், உட்காருவார்கள், ஒன்றும் பேசாமலாவது போவார்கள். முட்டிக்குள் இரண்டு மில்லிமீட்டர் குருத்தெலும்பு தேய்ந்து போனதற்கு யார் வருவார்கள்? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இப்படிப்பட்ட இழப்புகளுக்கென்றே ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' என்று சொல்லலாம். சுற்றியிருப்பவர்கள் அதை இழப்பாகவே கணக்கில் எடுக்காதபோது, துக்கப்படுகிறவருக்கு இரண்டு வேலை ஆகிவிடுகிறது: துக்கத்தையும் சுமக்க வேண்டும், துக்கப்படுவதற்கான வெட்கத்தையும் சுமக்க வேண்டும். நீங்கள் குளியலறையில் போய் அழுதது இரண்டாவதால்.

முதலில் அந்த வெட்கத்தை இறக்கி வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

துக்கத்தோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் மகளிடம் கத்துவதற்கு உங்களையே திட்டிக்கொள்வது கொஞ்சம் குறையும். 11 வருடம் ஒரே நேரத்தில், ஒரே விதமாகக் கிடைத்து வந்த ஒன்றை உடம்பிடமிருந்து திடீரென்று நிறுத்தியிருக்கிறீர்கள். ஃபிரெடரிக் பேக்கலாண்ட் என்ற மனநல மருத்துவர் 1970-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வழக்கமாக உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஒரு மாதம் அதை நிறுத்தினால் தூக்கம் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தார். பணம் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நிறுத்தச் சம்மதிக்கவே இல்லை. கடைசியில் வாரம் மூன்று நான்கு நாள் செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. காசு கொடுத்தாலும் வேண்டாம் என்று அவர்கள் மறுத்த ஒன்றை உங்களைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நடக்கவாவது முடிகிறதே என்கிறார் உங்கள் கணவர். நடப்பதும் ஓடுவதும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது பிடிவாதம் இல்லை. ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான, மிதக்கிற உணர்வுக்கு எண்டார்ஃபின் என்ற, வலியைக் குறைக்க உடம்பு சுரக்கும் பொருள்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2021-இல் வெளியான ஒரு சோதனையில் 63 பேரை 45 நிமிடம் ஓடவும் வைத்தார்கள், நடக்கவும் வைத்தார்கள். எண்டார்ஃபின் வேலை செய்யும் இடத்தையே மருந்தால் அடைத்துப் பார்த்தும் ஓடியபின் அந்த உற்சாகம் வரத்தான் செய்தது. உடம்பே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு பொருளின் மேல்தான் இப்போது பார்வை திரும்பியிருக்கிறது. நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: நடந்தபோதைவிட ஓடியபோது அந்த உணர்வு அதிகமாகவே இருந்தது. ஆகவே நீங்கள் சொல்வது சரி. அதே சமயம், 2003-இல் வந்த ஒரு ஆய்வில், நாடித்துடிப்பை நன்றாக ஏற்றி 50 நிமிடம் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அந்தப் பொருள் ரத்தத்தில் கூடியிருந்தது. இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் ஓரமாக என்று சொல்கிறேன்.

ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் உங்களைப் போலவே ஓட்டத்தை இழந்த ஒருவர் என்னிடம் வந்தார். இடுப்பு எலும்பு பிரச்சினை. பேசத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. "நீச்சல் போய்ப் பாருங்களேன், மூட்டுக்கு நல்லது" என்றேன். அவர் தலையை ஆட்டினார், நன்றி சொன்னார், கட்டணம் கொடுத்தார், மறுபடி வரவே இல்லை. நான் சொன்னதில் மருத்துவத் தவறு எதுவும் இல்லை. ஆனால் மனைவியை இழந்தவரிடம் முதல் வாரமே பக்கத்துத் தெருவில் வரன் இருக்கிறது என்று சொன்ன கதைதான் அது. அன்றிலிருந்து மாற்றுப் பயிற்சிப் பேச்சை நான் முதலில் எடுப்பதில்லை. உங்கள் மருத்துவர் ஒரே மூச்சில் சொன்னார், அவர் வேலை அது. உங்களுக்கு அது காதில் ஏறாததும் இயல்புதான்.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். முட்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: "அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள்."

இதை நான் மூன்று முறை படித்தேன்.

முட்டி உங்களிடமிருந்து ஓட்டத்தைத்தான் எடுத்தது. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்தது முட்டி இல்லை. ஸ்கேனில் அது தெரியாது. மருத்துவர் அதை விடச் சொல்லவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். "எப்படியும் முழித்தாகிவிட்டது" என்று நீங்களே எழுந்து போய் விளக்கைப் போட்டீர்கள். மறுநாளும் போட்டீர்கள். ஐந்து மாதத்தில் அது வீட்டின் நேரமாகிவிட்டது. வெள்ளை மாவு டப்பாவில் சர்க்கரை கொட்டினால் அது சர்க்கரை டப்பா ஆகிவிடுவதைப் போலத்தான். காலியான இடம் வீட்டில் சும்மா இருக்காது.

ஓட்டம் என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது உங்களுக்கு நாலைந்து ஆள் வேலை பார்த்திருக்கிறது. நாடித்துடிப்பை ஏற்றி மனசை லேசாக்கியது ஒரு வேலை. கூட ஓடியவர்களோடு சிரித்தது இன்னொன்று. போன மாதத்தைவிட இந்த மாதம் அரை நிமிடம் குறைந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது வேறொன்று. "நீ ஓடுறவ இல்ல?" என்று மற்றவர்கள் கேட்கும்போது வந்த பெருமிதம் ஒன்று. இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அந்தத் தனிமை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், திரும்பி வரும்வரை நீங்கள் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை, யாருடைய கோப்பும் உங்கள் மேசையில் இல்லை.

ஓட்டத்துக்கு மாற்று என்ன என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எதை எடுத்தாலும் ஓட்டத்தோடு வைத்துப் பார்ப்பீர்கள், எல்லாமே தோற்கும். ஒரே ஆளைத் தேடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஆள் பாருங்கள். சைக்கிளால் நாடித்துடிப்பை ஏற்ற முடியும், தோழிகளைத் தர முடியாது. தோழிகளோடு பேசிக்கொண்டே நடந்தால் சிரிப்பு கிடைக்கும், தனிமை கிடைக்காது. சில வேலைகளுக்கு ஆளே கிடைக்காமலும் போகலாம். அரை நிமிடம் குறைந்த அந்தக் கணக்குக்கு உங்கள் வாழ்க்கையில் வேறு எதுவும் ஈடாகாமல் போனால், அது ஒரு நிஜமான நஷ்டம். அதை லாபக் கணக்கில் எழுத நான் முயல மாட்டேன்.

ஆனால் தனிமை என்ற வேலைக்கு ஆள் தேடவே வேண்டாம். அதைத் திரும்ப வாங்கினால் போதும். இது முட்டியோடு பேச வேண்டிய விஷயம் இல்லை, வீட்டோடு பேச வேண்டியது. கணவரிடம் "எனக்கு வருத்தமா இருக்கு" என்று சொன்னால் அவர் ஆறுதல் சொல்ல முயல்வார், மறுபடி "நடக்கவாவது" என்று ஆரம்பிப்பார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அவரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: "முன்னாடி மாதிரியே காலையில 4:40-லேருந்து 5:45 வரைக்கும் நான் வீட்டுல இல்லைனு வச்சுக்கோங்க. நான் என்ன செய்றேன்னு கேக்க வேண்டாம்." அவ்வளவு போதும். நீங்கள் ஓடிய காலத்தில் அந்த நேரத்தில் வீடு எப்படியோ ஓடியதுதானே?

மாமியார் சொன்னதற்கு வருவோம். அது உங்களைக் குத்துவதற்குக் காரணம், உள்ளுக்குள் நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள். 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்காகவும் ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகத் தொழில்முறையில் ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓடினால் முட்டி போய்விடும் என்ற பொதுப்பேச்சுக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. உங்கள் முட்டியின் கதை வேறு. ஜவ்வின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட முட்டியில் எடை தாங்கும் விதம் மாறிவிடும், தேய்மானத்துக்கு வாய்ப்பு கூடிவிடும். அது படியில் ஆரம்பித்த கதை. அப்புறம் ஓடியது அதை எவ்வளவு வேகப்படுத்தியது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லப் பார்க்க வேண்டாம், மாமியாரும் வேண்டாம்.

"வலிச்சப்பவே நிறுத்தியிருந்தா" என்று இரவில் கணக்குப் போடுவீர்கள், எனக்குத் தெரியும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் போகாததால் அது லேசில் ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் தேயும்போது அதுவாக வலிப்பதும் இல்லை. அடியில் உள்ள எலும்பும் சுற்றியுள்ள திசுக்களும் முறையிடும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது. மணியே இல்லாத வீட்டில் மணிச்சத்தம் கேட்கவில்லையே என்று உங்களை நீங்களே விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு உங்களைத் திட்டப் போவதில்லை. செத்தவர் எண்ணுக்கு ஒருமுறை போன் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதே ரகம்தான் இது. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு இன்னொரு முறை வேண்டாம். இருக்கிற கொஞ்சநஞ்ச எச்சரிக்கையையும் மாத்திரை அமுக்கிவிடுகிறது. இந்த வகை வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அது பழக்கமானால் நீங்கள் எழுத வேண்டியது எனக்கில்லை, வேறொருவருக்கு.

இன்னொரு மருத்துவரிடம் காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டுங்கள். நான் எலும்பு மருத்துவர் இல்லை, உங்கள் முட்டியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்கு அருகதை கிடையாது. விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய ஒரு எலும்பியல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஓடவே கூடாதா, இப்போதைக்குக் கூடாதா? ஓடினால் என்ன ஆகும்: வலி மட்டுமா, தேய்மானம் வேகமாகுமா, செயற்கை மூட்டு வைக்கும் நாள் முன்னாலேயே வந்துவிடுமா? தொடைத் தசையைப் பலப்படுத்தினால் எவ்வளவு மாறும்? முதல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொன்னதை இவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னால், பதில் அதேயானாலும் அது வேறு மாதிரி உள்ளே இறங்கும். ஆனால் ஒருவரோடு நிறுத்துங்கள். மூன்றாவது, நான்காவது, அப்புறம் யூடியூபில் ஒருவர் சொன்ன எண்ணெய் என்று போனால், அது வைத்தியம் தேடுவதாக இருக்காது, துக்கத்தைத் தள்ளிப்போடுவதாகத்தான் இருக்கும்.

எப்போது சரியாகும்? தூக்கமின்மையும் சிடுசிடுப்பும் உடம்பு பழகப் பழகக் குறையும். வேறு ஏதாவது வழியில் நாடித்துடிப்பை ஏற்றத் தொடங்கினால் இன்னும் சீக்கிரம் குறையும், ஓரமாக வைக்கச் சொன்ன சைக்கிளை இந்த ஒரு காரியத்துக்காக மட்டும் எடுங்கள். அதை ஓட்டத்தின் தங்கை என்று நினைக்க வேண்டாம். மருந்து மாதிரி, மருத்துவரும் பிசியோவும் சொல்லும் அளவில்.

துக்கத்துக்குத் தேதி சொல்ல முடியாது. துக்கம் ஐந்து படி என்று யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. நாம் அதைப் பேருந்து நிறுத்தம் மாதிரி ஆக்கிவிட்டோம், அடுத்தது எப்போது வரும் என்று எட்டிப் பார்க்கிறோம். என் அனுபவத்துக்கு ஒத்துவருவது 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் சொன்னது. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் ஒரு முறை போகிறார், அன்றாடத்தின் பக்கம் ஒரு முறை வருகிறார், மறுபடி போகிறார். இந்தப் போக்குவரத்துதான் ஆறும் வழி. ஆகவே திங்கட்கிழமை நன்றாக இருந்துவிட்டு வியாழக்கிழமை தெருவில் ஒருவர் ஓடுவதைப் பார்த்து அழுதால், பின்னால் போய்விட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடுவதுபோல் கனவு வரும். முட்டி வலிக்காமல், மூச்சு வாங்காமல் ஓடுவீர்கள். எழுந்ததும் ஒரு நொடி கழித்து ஞாபகம் வரும். அந்த நொடி மோசமானது. அதுவும் நாளாக ஆக அபூர்வமாகும்.

இனி அந்த 'இருக்கிறேன், இருந்தேன்' விஷயம். 1993-இல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். தன்னை விளையாட்டுக்காரர் என்று எவ்வளவு இறுக்கமாக அடையாளப்படுத்திக்கொள்கிறோமோ, அந்த அளவுக்கு அது பயிற்சியில் பலம், காயத்தில் பலவீனம். உங்களைச் சாய்த்ததும் அதுதான், 11 வருடம் விடியற்காலையில் எழுப்பியதும் அதுதான்.

ரோஜர் பானிஸ்டர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1954 மே 6-ஆம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர். அதே வருடம் போட்டிகளை விட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போனார், நரம்பியல் மருத்துவரானார். ஆனாலும் தனக்காக ஓடிக்கொண்டுதான் இருந்தார். 1975-இல் ஒரு கார் விபத்தில் கணுக்கால் நொறுங்கியது. அதோடு அவர் ஓட்டம் முடிந்தது. அப்போது அவருக்கு 46 வயது, உங்களைவிட மூன்று வயது கூட. 2018-இல் இறந்தார். அதாவது ஓடாமல் 40 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 3:59.4 எல்லாருக்கும் மனப்பாடம், 1975 அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அவர் வருத்தத்தை வென்று சாதித்தார் என்று உங்களுக்கு ஊக்கக் கதை சொல்ல இதை எடுக்கவில்லை. அந்த மாதிரிக் கதைகள் உங்களுக்கு இப்போது காலையில் பத்து வரும் என்று தெரியும், திறக்காமலே அழியுங்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்த 40 வருடமும் யாரும் அவரை ஓட்டக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. ஓடி முடித்த தூரம் முட்டியில் இல்லை. அது ஏற்கெனவே நடந்துவிட்டது, தேயாது. நீங்கள் 'இருந்தேன்' என்று எழுதுங்கள், 'இருக்கிறேன்' என்றும் எழுதுங்கள். மன்னிப்பு மட்டும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகாதீர்கள், ஒலியை மட்டும் நிறுத்துங்கள். ஓடிய தூரத்தைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் ஸ்ட்ராவா மாதிரிச் செயலி இருந்தால், அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். விலகினால் ஒரு நாள் திரும்பிப் போக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். குழுவில் ஒருவரிடம், அதிகம் பேசாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எழுதுங்கள்: "எனக்கு இனி ஓட முடியாது. குழுவில் இதைப் பற்றிப் பேச இன்னும் தெம்பில்லை. ஆனா உங்களையெல்லாம் பார்க்காம இருக்கவும் பிடிக்கலை. ஞாயித்துக்கிழமை ஓடி முடிச்சப்புறம் ஒரு அரை மணி நேரம் உட்காருவோமா?" பல நாள் அவர்களும் உங்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ஒதுங்கி நிற்பார்கள்.

பார்க்ரன் என்று உலகின் பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கும் இலவச ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 அக்டோபரில் லண்டனில் புஷி பார்க்கில் 13 பேர் ஓட அது தொடங்கியது. தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட் அன்று ஓடவில்லை. காயத்தால் ஓட முடியாத நிலையில், கூட ஓடிய நண்பர்களை விட்டுப் போகக்கூடாது என்றுதான் அதை ஏற்பாடு செய்தார். ஓட முடியாத ஒருவர் ஓட்டத்தின் பக்கத்தில் நிற்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நாளைக்கே போய் நில்லுங்கள் என்பதற்காக இல்லை. அவசரப்பட்டுப் போய், எல்லையில் கைதட்டிக்கொண்டு நின்று, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தவர்களும் உண்டு. தெருவில் ஒருவர் ஓடுவதைப் பார்த்தும் வயிறு பிசையாத ஒரு நாள் வரட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வேலைக்குப் போகிறீர்கள், மகளோடு பேசுகிறீர்கள், கோபப்படவும் முடிகிறது, இவ்வளவு தெளிவாக எழுதவும் முடிகிறது. அதனால் எனக்கு இது துக்கமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தன்னையே வெறுக்கும் நிலையில் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. எடை கூடிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியிருந்தாலும் சொல்லுங்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு முறை வந்தால்கூட, இந்தப் பத்திக்குப் பதில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஷூவை இப்போது தூக்கிப் போட வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஐந்து மாத துக்கத்தில் எடுக்கும் முடிவு ஷூ விஷயத்தில்கூடத் தப்பாகப் போகும். கதவோரம் இருந்தால் போகும்போதும் வரும்போதும் இடறும். ஒரு பையில் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அதை எடுத்துப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு எழுத வேண்டியதில்லை.

நாளைக்கும் 4:40-க்கு விழிப்பு வரும். மின்விசிறியைப் பார்க்காதீர்கள். சமையலறை விளக்கைப் போடாதீர்கள். வேறு ஏதாவது செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் சரி, அழுதாலும் சரி. 5:45-க்கு முன் உள்ளே போகாதீர்கள்.